ஆர்பிஜி கேம்: உங்கள் 100 மணி நேரத்தைக் கொடுக்கும் அளவுக்கு எதில் என்ன இருக்கிறது?

பரமபதம் ஆடியிருப்பீர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் தூக்கம் வராமல் இருக்க வீட்டில் விரித்து வைக்கும் அதே படம்தான். கட்டையில் விழுந்த எண்ணுக்குக் காய் நகரும். ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் சறுக்கல். பழைய பரமபதப் படங்களில் ஏணிகள் நல்ல குணங்களையும் பாம்புகள் கெட்ட குணங்களையும் குறிக்கும். ஆனால் பாம்பின் வாயில் போய் விழுந்தவர் ஒரு பாவமும் செய்திருக்க மாட்டார். கட்டையில் நாலு விழுந்தது, அவ்வளவுதான்.

தாயம் அப்படியல்ல. அங்கேயும் கட்டைதான் உருள்கிறது. ஆனால் விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, எதிராளியின் காயை வெட்டுவதா, நம் காயை மலைக்குள் பத்திரப்படுத்துவதா என்பது ஆடுகிறவரின் கையில் இருக்கிறது. ஒரே எண்ணை அத்தையிடம் கொடுத்தால் ஒரு ஆட்டம், மாமாவிடம் கொடுத்தால் வேறு ஆட்டம்.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, என்று சொல்லப்படும் கணினி விளையாட்டுகளை அளக்க இந்த இரண்டு பலகைகளே போதும். ஆர்பிஜி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி பரமபதம். விளையாடத் தகுந்தவை தாயம்.

முதலில், ஆர்பிஜி என்றால் என்ன?

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கணினி கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, கதையை வாயால் சொல்லிக்கொண்டே போவது. ஒருவர் கதைசொல்லி. 'நான் அந்தச் சுவரைத் தாண்டுகிறேன்' என்று ஒருவர் சொன்னால், தாண்ட முடிந்ததா இல்லையா என்பதைப் பகடையும் அந்தக் கதாபாத்திரத்தின் உடல்வலு எண்ணும் சேர்ந்து முடிவு செய்யும்.

கணினி வந்ததும் கதைசொல்லியின் நாற்காலியில் மென்பொருள் உட்கார்ந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. கூட்டல் கழித்தலைக் கணினி பிரமாதமாகச் செய்யும். ஆனால் 'சுவரைத் தாண்ட வேண்டாம், காவல்காரரிடம் பேசிப் பார்க்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், அதை முன்கூட்டியே யாராவது யோசித்து எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் சண்டை மட்டும்தான் மிஞ்சும். சண்டையைக் கணக்காக மாற்றுவது சுலபம், மனிதர்களை மாற்றுவது கஷ்டம். பல ஆர்பிஜிகளில் அடிதடியே 90 சதவீதம் இருப்பது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

குருட்டுக் கடைக்காரியும் ஒரு பொற்காசும்

இதை முதலில் மாற்றிப் பார்த்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். தன் முந்தைய விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் கடையில் திருடி, வழியில் போகிற ஊர்க்காரர்களைக் கொன்று, கடைசியில் 'உலகைக் காப்பாற்றிய வீரர்' பட்டத்தோடு முடிப்பதை அவர் கவனித்தார். 1985-இல் அவர் வெளியிட்ட 'அல்டிமா 4'-இல் கடைசியில் கொல்ல வேண்டிய வில்லனே கிடையாது. எட்டு நற்குணங்களில் தேர்ச்சி பெறுவதுதான் இலக்கு.

அதில் மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. நீங்கள் எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்து வைத்தாலும் மூலிகை கிடைக்கும். மணி அடிக்காது, சிவப்பு எழுத்து வராது. ஆனால் உள்ளே எங்கோ உங்கள் நேர்மைக் கணக்கு குறைந்திருக்கும். பல மணி நேரம் கழித்து ஒரு கோயில் வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

பரமபதமும் இதையேதான் சொல்ல வந்தது, இல்லையா? நல்லவருக்கு ஏணி, கெட்டவருக்குப் பாம்பு. ஆனால் ஏமாற்றும் வாய்ப்பை அது உங்களுக்குக் கொடுக்கவே இல்லை. ஏமாற்ற முடிந்த இடத்தில் ஏமாற்றாமல் இருந்தால்தான் நேர்மை என்ற சொல்லுக்கே பொருள் வரும்.

'முட்டாளாக' ஆட முடியுமா?

ஒரு ஆர்பிஜி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. கதாபாத்திரத்தை உருவாக்கும்போது ஏதாவது ஒரு எண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கி வையுங்கள். அதற்கப்புறம் உலகம் உங்களை வேறு மாதிரி நடத்துகிறதா என்று பாருங்கள்.

1997-இல் வந்த 'ஃபால்அவுட்' இதில் இன்றைக்கும் பாடப்புத்தகம். அறிவு எண்ணை மிகக் குறைவாக வைத்தால் உங்கள் ஆள் ஒழுங்கான வாக்கியமே பேச மாட்டார். 'ம்', 'ஆ' என்று உளறுவார். ஊர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள், விரட்டுவார்கள். கிடைக்க வேண்டிய பல வேலைகள் கிடைக்காது. மறுபக்கம், அறிவும் பேச்சுத் திறனும் கூடிய ஆளாக இருந்து, வழியில் சரியான ஆதாரத்தையும் சேகரித்திருந்தால், கடைசி எதிரியைச் சுடவே வேண்டாம். அவன் உருவாக்கும் புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்பதை அவனிடமே நிரூபித்துவிட்டால், அவன் திட்டத்தை அவனே முடித்துக்கொள்வான். வாதத்தில் ஜெயிப்பது என்றால் இதுதான்.

2019-இல் எஸ்தோனியாவிலிருந்து வந்த 'டிஸ்கோ எலிசியம்' இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கமான சண்டை முறையே அதில் இல்லை. பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுத்து. 24 திறன்கள், அத்தனையும் துப்பறியும் நாயகனின் தலைக்குள்ளிருந்து அவனோடு பேசிக்கொண்டே இருக்கும். எந்தக் காரியத்துக்கும் இரண்டு ஆறுமுகப் பகடை உருளும், கூடவே உங்கள் திறன் எண் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரியத்துக்கு 12 தேவை, உங்கள் திறன் 4 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இரண்டு பகடையின் 36 சேர்க்கைகளில் 15 உங்களுக்குச் சாதகம். அதாவது சுமார் 42 சதவீதம். திறனை ஒன்று கூட்டி 5 ஆக்கினால் 7 போதும். சாதகம் 21 ஆகிறது, வாய்ப்பு 58 சதவீதம். ஒரே ஒரு புள்ளி, 16 சதவீத வித்தியாசம்! எங்கே அந்தப் புள்ளியைப் போடுவது என்ற முடிவுக்கு எடை வருவது இப்படித்தான். இரண்டு ஆறு விழுந்தால் எப்போதும் வெற்றி, இரண்டு ஒன்று விழுந்தால் எப்போதும் தோல்வி. ஆகவே எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 36-இல் ஒரு தடவை கவிழ்வீர்கள்.

கவிழ்ந்தால் கதை நிற்காது என்பதுதான் அதன் அழகு. தோற்ற பிறகும் கதை வேறு பாதையில் போகும், பல இடங்களில் ஜெயித்திருந்தால் கிடைக்காத காட்சி கிடைக்கும். (உடம்பு பலவீனமான ஆளாக ஆடினால், முதல் அறையிலேயே ஓடும் மின்விசிறியிலிருந்து டையை எடுக்கப்போய் மாரடைப்பில் சாகவும் முடியும். அது வேறு விஷயம்.)

நம் ஊர்க்கதை ஆர்பிஜி ஆகுமா?

ஆகியிருக்கிறது. 2014-இல் போபாலைச் சேர்ந்த பைரோடாக்டைல் என்ற சிறிய நிறுவனம், கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி 'அன்ரெஸ்ட்' என்ற ஆர்பிஜியை வெளியிட்டது. பழங்கால இந்தியாவைப் போன்ற ஒரு கற்பனை நகரம். மழை பொய்த்து, பஞ்சத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரே வீரராக ஆடுவதில்லை. வெவ்வேறு சாதி, வர்க்கத்து மனிதர்களாக மாறி மாறி ஆட வேண்டும். தொடக்கத்தில் வரும் கிராமத்துப் பெண்ணின் பிரச்னை அரக்கனோ டிராகனோ இல்லை, வீட்டில் ஏற்பாடு செய்திருக்கும் கல்யாணம். சண்டை போடாமலே முழுக்கதையையும் முடிக்கலாம். எதிரே பேசுகிறவருக்கு உங்கள் மேல் எவ்வளவு நட்பு, எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம் என்று மூன்றும் தனித்தனியாகக் கணக்கு வைக்கப்படும். மரியாதை இருக்கும், நட்பு இருக்காது. பயம் இருக்கும், மரியாதை இருக்காது. நம் வீடுகளில் இதைப் புதிதாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்ரெஸ்ட் குறையில்லாத விளையாட்டு அல்ல. சின்னது, சட்டென்று முடிந்துவிடும், ஓவியமும் அசைவும் சிக்கனம்தான். ஆனாலும் எந்தப் பிரச்னையை ஆர்பிஜியாக்கலாம் என்ற கேள்விக்கு அது சரியான பதிலைச் சொன்னது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தெற்கே வாருங்கள்.

பாறசாலையில் ஒரு விளையாட்டு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையையும் தமிழர் தரப்பு கேட்டது, கிடைக்கவில்லை. கோடு ஊர்களுக்கு நடுவில் விழுந்தது. அக்கா இந்தப்பக்கம், தங்கச்சி அந்தப்பக்கம்.

நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் கேரளத்தில் புறப்பட்டு விளவங்கோடு பக்கத்து வயல்களுக்கு வருவது. 2004 முதல் அதில் தமிழகப் பகுதிக்குத் தண்ணீர் நின்றது. நெய்யாறு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம், அது இரண்டு மாநிலங்களுக்குமான ஆறு என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இப்போது இதை ஒரு ஆர்பிஜியாக நினைத்துப் பாருங்கள். கால்வாயின் கடைசி மடையில் காய்ந்த வயல். தண்ணீரைக் கொண்டுவருவது உங்கள் வேலை. மோசமான விளையாட்டு என்ன செய்யும்? அணைக்குள் ஒரு பூதத்தை வைக்கும். அதை வெட்டினால் தண்ணீர் பாயும், உங்கள் நிலை 12-லிருந்து 13 ஆகும்.

நல்ல விளையாட்டில் பூதம் இருக்காது. மேல்மடைக்காரருக்கும் வயல் இருக்கும், அதுவும் காய்ந்திருக்கும். அவர் உங்கள் அம்மாவின் அண்ணனாக இருப்பார். மதகைத் திறக்கும் அதிகாரம் உள்ளவருக்கு மேலதிகாரி இருப்பார், மேலதிகாரிக்கு வழக்கு இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாக மதகை நீங்களே திறந்துவிடலாம், விளையாட்டு தடுக்காது. ஒரு போகம் விளையும். ஆனால் அடுத்த ஓணத்துக்கு மாமா வீட்டில் உங்களுக்கு இலை போட மாட்டார்கள். அந்த இலை போடாத காட்சியை யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால், அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு.

மொழியும் அங்கே ஒரு திறன் எண்தான். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். சென்னைத் தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. எல்லைக் கிராமத்தில் ஒரு பாட்டி 'வெள்ளம் வந்துச்சா மக்களே?' என்று கேட்டால், சென்னையிலிருந்து வந்த கதாபாத்திரம் பதறிப்போய் மேட்டுக்கு ஓடும், பாறசாலையில் வளர்ந்தவர் 'இல்ல பாட்டி, வாய்க்கா காஞ்சுதான் கெடக்கு' என்பார். ஒருவருக்கு 'மக்களே' என்றதும் பின்னால் கூட்டம் நிற்கிறதோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும், மற்றவருக்கு அது தன்னை மட்டும் பாசமாகக் கூப்பிட்டது என்று தெரியும். ஃபால்அவுட் 1997-இல் அறிவு எண்ணை வைத்துச் செய்ததை இங்கே வட்டார வழக்கை வைத்தே செய்யலாம்.

வரலாற்றுக் கதை வேண்டுமென்றாலும் நெய்யாற்றின்கரையில் இருக்கிறது. அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பட்டுப்போன ஒரு பலாமரம் பாதுகாக்கப்படுகிறது. அம்மச்சி பிலாவு என்பார்கள். பின்னாளில் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, இளவரசராக இருந்தபோது எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது செவிவழிக் கதை. எந்த ஸ்டுடியோவிடம் கொடுத்தாலும் உங்களை இளவரசராக்கி, கையில் உருமியைக் கொடுத்துவிடும். எனக்கென்னவோ, துரத்தி வருகிறவர்கள் 'இந்தப் பக்கம் யாராவது வந்தானா?' என்று மரத்தடியில் நிறுத்திக் கேட்கும் அந்த ஆளாக ஆடத்தான் ஆசை. சொன்னால் ஒரு பகை, சொல்லாவிட்டால் இன்னொரு பகை, இருவரில் யார் ஜெயிப்பார் என்பது அந்த நொடியில் யாருக்கும் தெரியாது.

போனில் வருவது எல்லாம் ஆர்பிஜியா?

இங்கேதான் பெற்றோரும் இளைஞர்களும் கவனிக்க வேண்டிய பணக்கணக்கு வருகிறது. 'இலவச ஆர்பிஜி' என்று போனில் இறங்கும் பல விளையாட்டுகளின் மையம் கதையல்ல, குலுக்கல். பிரபலமான 'கென்ஷின் இம்பாக்ட்'டையே எடுத்துக்கொள்வோம். அதன் உலகம் அழகு, இசையும் அழகு, மறுக்கவில்லை. ஆனால் மிக உயர்ந்த ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைப்பதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அந்த விகிதத்தில் 50 தடவை குலுக்கினாலும் கிடைக்காமல் போக சுமார் 74 சதவீத வாய்ப்பு. 90-ஆவது குலுக்கலுக்குள் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று உத்தரவாதம் உண்டு, ஆனால் அதுவரை காத்திருக்க முடியாதவரிடமிருந்துதான் காசு வருகிறது. இது பரமபதம்கூட இல்லை. பரமபதத்தில் கட்டையை உருட்ட யாரும் காசு கேட்பதில்லை.

பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பந்தய விளையாட்டு விஷயத்தில் இந்த எல்லையில் சில ஆண்டுகள் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஆன்லைன் ரம்மிக்கு எதிரான கேரள அரசின் அறிவிக்கையை 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, தமிழ்நாடு 2022-இல் தனிச்சட்டமே இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணப் பந்தய ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் ஆர்பிஜி அதன் வரம்புக்குள் வராது.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

2023-இல் வந்து உலகமே கொண்டாடிய 'பால்டர்ஸ் கேட் 3'-ஐத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். தகுதியான விளையாட்டுதான், சந்தேகமில்லை. பல கதவுகளை உடைக்கலாம், பூட்டைத் திறக்கலாம், உள்ளே இருப்பவரிடம் பேசித் திறக்க வைக்கலாம், பூனையாக மாறி ஓட்டை வழியாகவும் நுழையலாம். ஆனால் அதற்குக் கணினியில் 150 ஜிபி இடமும், விலை கூடிய கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா பிளானில் அந்த அளவை இறக்கினால் 75 நாள். முடிக்க 100 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். தினம் இரண்டு மணி நேரம் என்றாலும் 50 நாள் போய்விடும். கல்லூரிப் பிள்ளைக்கு அது அரை செமஸ்டர்.

பழைய லேப்டாப் இருந்தால் ஃபால்அவுட் முதல் பாகம் போதும், இன்றைய எந்த இயந்திரத்துக்கும் அது தூசு. ஆங்கிலம் சரளமாக வாசிக்க வரும் என்றால் டிஸ்கோ எலிசியம். வராது என்றால் அதைத் தொடாதீர்கள், பத்து லட்சம் சொற்கள் அலுக்க வைத்துவிடும். எதை வாங்கினாலும் முதல் மூன்று மணி நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் 'முடியாது' என்று சொல்ல இடம் இருக்கிறதா? வேலை கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் 'சரி', 'கண்டிப்பா', 'இப்பவே போறேன்' என்ற மூன்று பதில்கள்தான் திரையில் வருகின்றன என்றால் கணினியை அணைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தமிழில் ஏன் அரிதாக இருக்கிறது?

சந்தை சிறியது என்பது பாதி பதில். மீதி தொழில்நுட்பம். 'கொ' என்ற எழுத்தைக் கணினி சேமிப்பது ககரம், அதன் பின் ஒகரக்குறி என்ற வரிசையில். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாக உடைத்து, பாதியை ககரத்துக்கு முன்னும் பாதியைப் பின்னும் போட வேண்டும். விளையாட்டுகளை உருவாக்கும் பல மென்பொருள்கள் எழுத்துகளை இடமிருந்து வலமாக அப்படியே அடுக்கிப் பழகியவை. அவற்றில் தமிழ் உடைந்துதான் தெரியும். பத்து லட்சம் சொற்களை அப்படி யார் படிப்பது?

2023 மார்ச்சில் வெளியான, இலவசமாகக் கிடைக்கும் 'கோடோ 4' இந்தச் சிக்கலான எழுத்து அடுக்கத்தைத் தானே கவனித்துக்கொள்கிறது. எழுத்து சரியாக வந்துவிட்டால் அடுத்த தலைவலி 'யூ' என்ற ஒரே ஆங்கிலச் சொல். அதைத் தமிழில் நீயா, நீங்களா, நீரா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். மாமாவிடம் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்த கதாபாத்திரம், மதகு உடைந்த மறுநாள் 'நீ' என்று தொடங்கினால், அந்த ஒரு சொல் மாற்றத்துக்கே ஒரு பகடையை உருட்டலாம்.